ஹெரால்டின் எலும்பு

என்னிடம் இருப்பது 1964-ம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் 1. இங்கிலாந்தில் இதை அபூர்வ வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1962-ல் தொடங்கி 1980 வரை கோவென்ட்ரியின் கேன்லி ஆலையில் 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். சென்னையில் கதை வேறு. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்த காலம் அது. தூதரக அதிகாரிகள் கொண்டுவந்து, மாற்றலாகிப் போகும்போது விட்டுச்சென்ற வண்டிகள்தான் கைமாறிக் கைமாறி நம்மவர்களிடம் வந்தன. என் வண்டியும் அப்படி வந்ததுதான். முதலில் ஓர் அதிகாரி, பிறகு நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர், அவருக்குப் பின் நான்.

ஊரில் உதிரிபாகம் விற்கும் கடை கிடையாது, கம்பெனி சர்வீஸ் கிடையாது. ஆனாலும் இந்த வண்டி இங்கே அறுபது ஆண்டு தாண்டி ஓடுகிறது. பார்க்கிறவர்கள் என் பொறுமையைப் பாராட்டுகிறார்கள். பாராட்டு சேர வேண்டிய இடம் சென்னையை அடுத்த வண்டலூர். அங்கே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இல்லாவிட்டால் இந்த ஸ்பிட்ஃபயர் எப்போதோ எடைக்குப் போயிருக்கும்.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1950-களில் பெரும்பாலான கார் கம்பெனிகள் அடிச்சட்டத்தைக் கைவிட்டு, பாடியும் சட்டமும் ஒன்றாக இணைந்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. இந்த இரண்டையும் உருவாக்கிய ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபால் அது முடியவில்லை. அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்து தர ஆள் இல்லை. அதனால் தனி அடிச்சட்டம் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடித்து வாங்கி, போல்ட்டால் பூட்டினார்கள். டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி உருவம் வரைந்தார். 1959-ல் ஹெரால்டு வெளிவந்தது. வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவு நம் ஊருக்கு வரமாக அமைந்தது. போல்ட்டைக் கழற்றினால் முட்கார்டு கையோடு வரும். பானெட்டை முன்பக்கமாகத் தூக்கினால் இன்ஜினும் முன் சக்கரங்களும் முழுதாகக் கண்முன் நிற்கும். மரத்தடியில் பட்டறை போட்டவருக்கு இதைவிட நல்ல கார் உண்டா?

தனிச் சட்டத்தில் இன்னொரு வசதி, சட்டத்தைக் குறுக்கினால் வேறு கார் பிறக்கும். மிக்கெலோட்டி அப்படி ஒரு இரண்டு சீட் மாதிரியைச் செய்து கொடுத்தார். கம்பெனியிடம் பணம் இல்லை. மாதிரி வண்டி ஆலையின் ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்தது. 1961-ல் லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபை வாங்கியபோது, ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த ஸ்டான்லி மார்க்லண்டு என்ற லேலண்டு அதிகாரி அந்தத் துணியை விலக்கிப் பார்த்தார், செய்யச் சொன்னார். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் நின்றது. 1147 சி.சி., 63 குதிரைத்திறன், இரட்டை எஸ்.யு. கார்பரேட்டர். இன்று சாதாரண ஹேட்ச்பேக் இதை முந்திவிடும். ஆனால் 1965-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்த வண்டிகள் 13-வது, 14-வது இடம் பிடித்து, தங்கள் பிரிவில் முதல் இரண்டு இடங்களையும் வாங்கின.

லேலண்டு கைக்கு ஆலை மாறிய அதே 1961-ல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஹெரால்டு செய்யத் தொடங்கியது. அதற்கு முன்பே வேன்கார்டும் ஸ்டாண்டர்டு எயிட்டும் டென்னும் அங்கிருந்து வந்திருந்தன. 948 சி.சி. இன்ஜினைக் கடைசிவரை மாற்றவில்லை. ஆனால் இங்கிலாந்தில் என்றுமே வராத நாலு கதவு ஹெரால்டை 1960-களின் கடைசியில் நம் ஆட்கள் செய்து காட்டினார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் அதில் போனார்கள். வருடத்துக்கு ஒருமுறை சோழவரத்து விமான ஓடுபாதையில், சீட்டையும் பம்பரையும் கழற்றிப் போட்டுவிட்டு அதே ஹெரால்டைப் பந்தயத்தில் விரட்டியவர்களும் உண்டு. இதனால் சென்னையில் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு ஹெரால்டு கைப்பழக்கமானது. ஸ்பிட்ஃபயரை முதன்முதலாகப் பார்க்கும் மேஸ்திரிகூட பானெட்டைத் தூக்கியதும், "அட, நம்ம ஹெரால்டு!" என்பார்.

பாகங்கள் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பிஸ்டனின் ஓட்டம் இரண்டிலும் 76 மில்லிமீட்டர்தான். ஆனால் குறுக்களவு ஹெரால்டில் 63, என் வண்டியில் 69.3. பொருந்தியது பாகத்தைவிட அறிவு. அதற்கு உதாரணமாக ட்ரனியனைச் சொல்ல வேண்டும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் குடுவைக்குள் திருகி நிற்கும். அதுதான் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்த மரையில் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். இதற்கு கியர் ஆயில் விட வேண்டும். அதைப் பார்த்தால் எவருக்கும் கிரீஸ் அடிக்கத்தான் கை போகும். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, நாள்பட்டால் இறுகும், மழைத் தண்ணீர் உள்ளே நிற்கும். எஃகு துருவேறி ஒருநாள் முறியும். சக்கரம் மடிந்து வண்டி மூக்கால் உட்காரும். பெரும்பாலும் மெதுவாக ஓரம் கட்டும்போதுதான் இது நடக்கும் என்பது ஓட்டுகிறவர் செய்த புண்ணியம்.

இராயப்பேட்டையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரிக்கு ஆங்கில மேனுவல் படிக்கத் தெரியாது. வண்டியின் அடியில் படுத்தவர் என் கையிலிருந்த கிரீஸ் கன்னைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். "இதுக்கு கிரீஸ் ஆவாது தம்பி. தொண்ணூறு எண்ணெய் ஊத்து. மேல சீல் ஓரமா எண்ணெய் கசியணும், அதுவரைக்கும் விடாதே." கோவென்ட்ரியின் கையேட்டில் இருப்பதும் அதுதான். நூற்றுக்கணக்கான ஹெரால்டுகளுக்குச் செய்து செய்து அவருக்கு அது கையில் ஊறியிருந்தது.

ஹெரால்டு மேஸ்திரிக்குப் புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று, பக்கவாட்டு ரன்னிங் போர்டு. ஹெரால்டின் அடிச்சட்டம் பக்கங்களிலும் நீண்டு பாடியைத் தாங்கும். ஸ்பிட்ஃபயருக்காக வீல்பேஸை 91.5 அங்குலத்திலிருந்து 83-ஆகக் குறைத்தபோது பக்கச் சட்டங்களையும் வெட்டிவிட்டார்கள். அந்தப் பாரம் கதவுக்குக் கீழே உள்ள தகரப் பெட்டிமேல் விழுந்தது. கூரையில்லாத வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு. கடற்காற்று வீசும் ஊரில் முதலில் அரிப்பதும் அதுவே. அது இற்றுப்போனால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவின் மேல் இடுக்கு குறுகிக்கொண்டே வரும்.

இதை மாற்றிய டிங்கர் வேலையை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பழைய தகரத்தை வெட்டுவதற்கு முன், கதவின் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூண் வரை ஒரு சதுர இரும்புக் குழாயை வெல்டிங் வைத்தார். சட்டத்துக்கு அடியில் நாலு இடத்தில் முட்டுக் கொடுத்தார். ஒரு விரற்கடை வெட்டுவார், கதவைச் சாத்துவார், இடுக்கில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகி மேலிருந்து கீழ்வரை இழுப்பார். நாணயம் எங்கேயாவது சிக்கினால் ஜாக்கியை அரைத் திருகு ஏற்றுவார். அவசரக்காரர் கையில் விட்டிருந்தால் வெல்டிங் முடிந்தபின் அந்தக் கதவு எந்நாளும் மூடியிருக்காது.

வண்டலூர் தனியாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ்., அடுத்த ஆண்டு பிரேக்ஸ் இந்தியா என்று சென்னையின் பாடி பகுதியில் ஒரு தொழில் ஊரே எழுந்தது. இரண்டிலும் கூட்டாளி, என் வண்டிக்கு டைனமோவும் கிர்லிங் பிரேக்கும் செய்த அதே லூகாஸ் குழுமம். எண்ணூர் அசோக் லேலண்டில் பங்கு வைத்திருந்ததும், துணியை விலக்கிப் பார்க்க மார்க்லண்டை அனுப்பிய அந்த லேலண்டுதான். பொறாமைப்படும் அளவுக்கு நல்ல சூழல் அது. இன்றைக்குப் புது எலெக்ட்ரீஷியன் வந்தால் பாட்டரிப் பக்கம் நான் கூடவே நிற்கிறேன். மார்க் 1 பாசிட்டிவ் எர்த் வண்டி. பழகியபடி நெகட்டிவை பாடியில் பூட்டினால் டைனமோவுக்கு ஆபத்து. பழைய ஹெரால்டு எலெக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லவே வேண்டியிருந்ததில்லை.

1972-ல் ஹெரால்டு போய் கெஸல் வந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதுவும் நின்றது. 1985-ல் ரோவர் உருவத்தில் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உள்ளே வேன்கார்டு காலத்துப் பழைய 2 லிட்டர் இன்ஜின். மாருதி வந்துவிட்ட நாட்டில் பெட்ரோலைக் குடிக்கும் பாரமான காரை யார் வாங்குவார்கள்? 1988-ல் உற்பத்தி நின்றது. அழகான பாடிக்குக் காலாவதியான இன்ஜினைப் பூட்டிய அந்த முடிவை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஹெரால்டுகள் ஒவ்வொன்றாகப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளுக்குப் போயின. அங்கே குவியலில் ஹெரால்டு ஸ்டியரிங் ரேக்கை எடுத்துத் துடைத்து, எடை போட்டு வாங்கிய காலம் உண்டு. இப்போது குவியலில் ஹெரால்டு இல்லை.

பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், அங்கே அவை இன்றும் செய்யப்படுகின்றன. ஆள்தான் வேண்டும். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வயதைத் தாண்டாத ஒருவரிடம் பழைய ட்ரனியன்கள் இரண்டைக் கொடுத்திருக்கிறேன். வலப்பக்கத்தில் வலது மரை, இடப்பக்கத்தில் இடது மரை என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் இரண்டையும் விரலால் திருகிப் பார்த்துக் கண்டுகொண்டார். வெண்கலக் கட்டை வாங்கியாயிற்று. இடப்பக்கத்தை முதலில் வெட்டுகிறார்.