கும்மியும் கரோக்கியும்: பாட வராதவருக்கு ஏற்ற பாட்டு

சேவுகம்பட்டியில் வளர்ந்த என் அண்ணன் மகன் இப்போது டோக்கியோவில், நம்மவர்கள் நிறையக் குடியிருக்கும் நிஷிகசாயில் இருக்கிறான். போன டிசம்பரில் ஒரு ராத்திரி போன் செய்தான். "சித்தப்பா, ஆபீஸ்ல வருஷக் கடைசி விருந்து. சாப்பிட்டு முடிச்சதும் கரோக்கி போவாங்க. ஆளுக்கு ஒரு பாட்டு, அதுவும் ஜப்பானியப் பாட்டு. எனக்குப் பாட்டு வராதுன்னு உங்களுக்கே தெரியும். லேசா ஒண்ணு சொல்லுங்க."

ஊர் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவன் நான். அந்தத் தகுதியில்தான் கேட்டான். அவன் சொன்னதைக் கேட்டதும் என் அக்கா நினைவுக்கு வந்தாள். "எனக்கு எங்கப்பா பாட்டு வருது?" என்பது அக்காவின் நிரந்தரப் பதில். ஆனால் முளைப்பாரி எடுக்கும் நாளில், கும்மி வட்டத்தில் நிற்கும் அதே அக்கா ஒரு அடிகூட விடுவதில்லை. வீட்டில் வராத பாட்டு வட்டத்துக்குள் எப்படி வருகிறது? இதற்கு விடை தெரிந்தால் பையனுக்குப் பாட்டுத் தேடுவதும் எளிதாகும் என்று தோன்றியது. கும்மியையும் கரோக்கியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கரோக்கி பிறந்த கதையே பாட வராத ஒருவருக்காகத்தான் தொடங்குகிறது. கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாடிக்கையாளர் பாடும்போது பின்னணி வாசித்து வந்தவர் தைசுகே இனோவே. சிறு நிறுவனம் ஒன்றின் தலைவர், இனோவே வாசித்தால்தான் தன்னால் பாட முடியும் என்று நம்பினார். வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகும்போது கூட வரச் சொல்லி அழைத்தார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்குத் தோதாக வாசித்து ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தார். அந்த யோசனைதான் 1971இல் நூறு யென் காசு போட்டால் வாசிக்கும் பெட்டியானது. இனோவே அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1967இலேயே ஷிகேயிச்சி நெகிஷி என்பவர் டோக்கியோவில் இதுபோல ஒரு பெட்டி செய்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 'கரோக்கி' என்றால் வெற்று இசைக்குழு. பாடகரின் இடம் காலியாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம்.

கும்மியில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. நடுவில் முளைப்பாரி, சுற்றிலும் பெண்கள். பாட்டுத் தெரிந்த ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். தனியாக நின்று பாடும் தருணம் யாருக்கும் வாய்ப்பதில்லை. அந்தப் பயமும் அங்கே இல்லை.

சுருதி

பாட வராது என்பவர்களில் பெரும்பாலோருக்குக் குரலில் குறை இல்லை. தங்களுடையதல்லாத கட்டையில் பாடப் போய்த்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை, பெண்களுக்கு நாலரை, ஐந்தரை என்று கச்சேரி உலகத்தில் ஒரு கணக்கு உண்டு. சினிமாப் பாட்டுக்கு அந்தத் தயவு கிடையாது. டி.எம்.எஸ். ஏறிய உயரத்துக்கே நாமும் ஏறியாக வேண்டும் என்று நினைத்துத் தொண்டை கட்டிக்கொள்கிறோம்.

கரோக்கி இங்கே பெரிய உபகாரம் செய்கிறது. கையில் இருக்கும் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டு முழுவதும் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும். இன்றைய ஜப்பானிய ஆண் பாடகர்கள் பலர் மிக உயரத்தில் பாடுகிறார்கள். அந்தப் பாட்டுகளைச் சாதாரண ஆண்கள் மூன்று நான்கு படி இறக்கிப் பாடுவதில் வெட்கமே இல்லை. கும்மியில் பொத்தான் ஏது? அடி எடுப்பவளே சுருதி. அனுபவமுள்ளவள் தன் குரல் மினுங்கும் உயரத்தில் தொடங்க மாட்டாள். வயசான பெண்களுக்கும் எட்டுகிற மாதிரி தாழ்த்தித் தொடங்குவாள். அவள் தவறினால் வட்டமே திணறும். சுருதி விஷயத்தில் தனி மனிதருக்கு அதிகம் இரங்குவது கரோக்கிதான்.

வீச்சு

கும்மி மெட்டு நாலைந்து சுரத்துக்குள் சுற்றி வரும். பேசுகிற குரலைக் கொஞ்சம் நீட்டினால் போதும், பாட்டாகிவிடும். அக்காவுக்கு அது வருவதன் முதல் ரகசியம் இதுதான். ஜப்பானியப் பாட்டிலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். நாலாவது, ஏழாவது சுரங்களை விட்டுவிட்டு ஐந்தே சுரத்தில் நடக்கும் 'யோனானுகி' என்ற அமைப்பு அது. ச, ரி, க, ப, த என்று ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தேன். அப்படியே நம் மோகனம். சுரங்கள் நெருங்கி நிற்காததால் லேசாகப் பிசகினாலும் காதை உறுத்துவதில்லை. அங்கே பள்ளிப் பட்டமளிப்பு விழாவிலும், கடை மூடும் வேளையிலும் ஒலிக்கும் 'ஹோத்தாரு நோ ஹிகாரி' இந்த ஐந்து சுரத்தில் நடப்பதுதான். மெட்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தது, ஆனாலும் ஜப்பானியர் அதைத் தங்கள் பாட்டாகவே பாடுகிறார்கள்.

சொல்

அண்ணன் மகன் பயந்தது மொழிக்காகவும்தான். உண்மையில் மொழிதான் தமிழனுக்குச் சாதகம். நமக்குக் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமுமாக இலக்கணம் அதை அளந்து வைத்திருக்கிறது. ஜப்பானிய மொழியும் இப்படி மாத்திரை எண்ணிப் பேசுகிற மொழிதான். 'க, கி, கு' என்று ஒவ்வோர் அசையும் ஒரே அளவில் விழும், நெடில் இரண்டு அளவு பெறும். பழைய பாட்டுகளில் பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம். மெல்லிய 'ன்' முடிவுக்குக்கூட அங்கே தனி மாத்திரை உண்டு, நம் மெய்க்கு அரைதான். அந்த ஒன்றைக் கவனித்துக்கொண்டால் போதும்.

இந்தக் கணக்கை உடைக்கிற பாட்டுகளை விலக்க வேண்டும். யோஅசோபி குழுவின் 2019ஆம் ஆண்டுப் பாட்டு 'யோரு நி காகேரு' அப்படிப்பட்டது. சொற்கள் நெருக்கியடித்து வரும், முடிவை நெருங்கும்போது சுருதியே மாறும். கேட்க ஆசையாக இருக்கும், பாட நின்றால் கால் தடுக்கும். கும்மியில் சொல் மறந்தால் 'தன்னானே' போட்டு நிரப்பலாம். கரோக்கியில் திரை எழுத்து நிறம் மாறிக்கொண்டே ஓடும், நமக்காக நிற்காது.

மூச்சும் துணையும்

கேளடி கண்மணி (1990) படத்தில் எஸ்.பி.பி. மூச்சே விடாததுபோலப் பாடிய பாட்டை நம் ஊர் மேடைகளில் எத்தனை பேர் தொட்டு, நடுவில் விட்டிருக்கிறார்கள்! பாடத் தெரியாதவர் தேர்ந்தெடுக்கும் பாட்டில் மூச்சு வாங்க இடம் இருக்க வேண்டும். கும்மி அதை இயல்பாகவே தருகிறது. ஒருத்தி பாடும்போது மற்றவர்களுக்கு ஓய்வு, மற்றவர்கள் வாங்கும்போது அவளுக்கு ஓய்வு. கைத்தட்டு தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. யாராவது பிசகினாலும் பக்கத்துக் குரல் மூடிவிடும். யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

கரோக்கி அறைகளில் நூற்றுக்கு இத்தனை என்று இயந்திரம் மதிப்பெண் காட்டும் வசதி உண்டு. கூச்சமுள்ளவர்கள் அதை அணைத்துவைக்கச் சொல்வதே நல்லது. ஆனால் துணையை அங்கேயும் உண்டாக்கிக்கொள்ளலாம். தி புளூ ஹார்ட்ஸ் குழுவின் 'லிண்டா லிண்டா' (1987) வந்தால் அறையே எழுந்து கத்தும். அங்கே சுரத்தைவிட உற்சாகம்தான் முக்கியம். 'என் அண்டை வீட்டு டோட்டோரோ' (1988) படத்தின் 'சம்போ', குழந்தைகள் நடந்துகொண்டே பாடுவது. எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தெரிந்த பாட்டைத் தேர்ந்தெடுப்பது, அறையில் இருப்பவர்களை வட்டத்துக்குள் இழுக்கிற வழி.

ஒப்பிட்டு முடிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. கரோக்கி பாட்டை ஆளுக்கு ஏற்ப வளைக்கிறது. கும்மி ஆளைக் கூட்டத்துக்குள் வாங்கிக்கொள்கிறது. கட்டையைக் கரோக்கியிடமும், பாட்டைத் தேர்ந்தெடுக்கும் புத்தியைக் கும்மியிடமும் கேட்டு வாங்கினால், பாட வராதவர் என்று ஊரில் மிகச் சிலரே மிஞ்சுவார்கள்.

அவனுக்கு நான் சொன்ன பாட்டு 'உவே ஓ முயித்தே அருகோ'. எய் ரோகுசுகே எழுதி, நாகாமுரா ஹச்சிதாய் இசையமைத்து, சகாமோட்டோ கியூ 1961இல் பாடியது. 1963இல் 'சுகியாகி' என்ற பெயரில் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. மெட்டு பெரும்பாலும் அந்த ஐந்து சுரத்தில்தான் நடக்கிறது. வேகமும் ஒரு ஆள் நடக்கிற வேகம். சகாமோட்டோ குரலை உடைத்து உடைத்துப் பாடுவதை மட்டும் பின்பற்ற வேண்டாம் என்றேன். இன்னொரு சலுகையும் உண்டு. நடுவில் கொஞ்ச தூரம் சொல்லே இல்லாமல் சீட்டியில் போகும். மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு வாரம் ராத்திரி போனில் பழகினான். இரண்டு படி இறக்கியதும் அவன் குரல் பேசுகிற குரலாக மாறியது. விருந்து முடிந்த மறுநாள் அவனே கூப்பிட்டான். "ரெண்டாவது அடியிலேயே எல்லாரும் கூடச் சேர்ந்துட்டாங்க சித்தப்பா. சீட்டி வர்ற இடத்துல எங்க மேனேஜரே அடிச்சார். நான் எங்க தப்புப் பண்ணேன்னு எனக்கே தெரியல."

பக்கத்தில் இருந்த அக்கா போனை வாங்கிக்கொண்டாள். "தெரியாதுடா. கும்மியில யாருக்குத்தான் தெரியும்?" என்றாள்.