கோவையின் உணவு ஆய்வுக்கூடங்களும் மாணவர் உதவித்தொகையும்

சென்னை மாகாணத்தின் வேளாண் கல்வி 1868இல் சைதாப்பேட்டை அரசுப் பண்ணையில் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தபோது, கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் ஒரே வளாகத்தில் அமைந்தன. மாணவர் விடுதியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம் என்ற அந்த நெருக்கம் பின்னாளில் பெரிதும் பயன்பட்டது. ஆயினும் அவ்வளாகம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முதன்மையாகக் கேட்ட கேள்வி, ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்பதே. 1912இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனமும், அங்கு உருவாகி 1918இல் வெளிவந்த கோ 205 கரும்பும் அக்கேள்விக்குக் கிடைத்த புகழ்பெற்ற விடைகள். விளைந்ததில் என்ன கலந்திருக்கிறது என்னும் கேள்வி வெகுகாலம் கழித்தே அழுத்தம் பெற்றது.

1954இன் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் அக்கேள்வியைப் பெரும்பாலும் வழக்குமன்றத்தின் விவகாரமாகவே பார்த்தது. ஆய்வாளர் கடையில் மாதிரி எடுப்பார், பகுப்பாய்வாளர் சான்று தருவார், கடைக்காரர் கூண்டில் ஏறுவார். இம்முறையில் மாணவருக்கு வேலையே இல்லை. 2006இல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், பண்ணையிலிருந்து தட்டு வரை எங்கெங்கு ஆபத்து நேரக்கூடும் என்று மதிப்பிடும் அணுகுமுறையை முன்வைத்தது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு உணவுத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் முதலிய பட்டங்களோடு வேளாண் அறிவியல் பட்டமும் தகுதியாக ஏற்கப்பட்டதால், இளநிலை மாணவரின் ஆய்வுப் பயிற்சி வேலைவாய்ப்போடும் இணைந்தது.

கொங்கு நாட்டில் அப்பயிற்சிக்குரிய பொருளுக்குப் பஞ்சமில்லை. காங்கேயம் பகுதியின் உலர்களங்களில் உடைத்துப் பரப்பப்படும் தேங்காய், ஏறத்தாழ பாதியாக இருக்கும் ஈரம் நூற்றுக்கு ஆறளவுக்குக் குறையும் வரை வெயிலில் காய வேண்டும். இடையில் மழை தூறினால் கொப்பரையில் பூஞ்சணம் படரும். அதைத் தடுக்கக் கந்தகப் புகை போடும் வழக்கம் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. காரமடை வட்டாரத்துக் கறிவேப்பிலையின் கதை வேறு: கேரள அரசு 2015இல் தமிழகக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் மிகுந்திருப்பதாகக் கூறியபோது எழுந்த சர்ச்சையில், குழம்பில் போட்டு ஒதுக்கி வைக்கும் இலைகூட ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. எச்சம் என்பது தெளித்த மருந்தில் சிதையாமல் விளைபொருளில் தங்கிவிடும் பகுதி. கோடியில் சில பங்கு என்னும் அளவிலும் அது கணக்கிடப்படுகிறது.

இவ்வேலையைக் கற்கும் மாணவருக்குப் பணம் தர வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பட்டறையில் பழகுபவருக்குப் படி தருவதை 1961இன் தொழில் பழகுநர் சட்டம் முறைப்படுத்தியது. 1973இன் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் அதில் சேர்த்தது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளநிலை மாணவருக்கு ஊதியத்துடன் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி அளித்துவருகிறது. வேளாண் கல்வியிலோ பணம் முதலில் ஆய்வுக்கூடத்துக்காக வரவில்லை. இறுதியாண்டு மாணவர் கிராமத்தில் தங்கி உழவரோடு பழகும் ஊரக வேளாண் பணி அனுபவத்துக்காகவே வந்தது. 2015 ஜூலை 25இல் தொடங்கப்பட்ட ஸ்டூடண்ட் ரெடி திட்டம், கிராமத் தங்கல், தொழிற்சாலைப் பயிற்சி, மாணவர் ஆய்வுத் திட்டம் ஆகியவற்றை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்து, மாதம் 3,000 ரூபாய் வீதம் அதிகபட்சம் 6 மாதங்களுக்கு உதவித்தொகை வகுத்தது. நாளொன்றுக்கு 100 ரூபாய் என்பது நூறு நாள் வேலைத் திட்டத்தில் அன்று தமிழ்நாட்டில் தரப்பட்ட கூலியைவிடக் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அத்தொகைக்கு மாணவர் செய்யும் வேலையில் கருவியைவிடக் கைக்கே பங்கு அதிகம். நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு, ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒரு சிலவற்றில் மட்டுமே திரண்டிருக்கக்கூடும். புற ஊதா விளக்கின்கீழ் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும் அந்நஞ்சை, மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்தால் தவறவிடுவதே இயல்பு. அக்கடலையின் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் ஈரல் அதை வேறு வடிவமாக மாற்றிப் பாலில் இறக்கிவிடுவதால், கறவை மாடு நிறைந்த இவ்வட்டாரத்தில் சோதனை எண்ணெய்ச் செக்கோடு நிற்பதில்லை. எனவே பயிற்சியில் சேரும் மாணவர், விலையுயர்ந்த பகுப்பாய்வுக் கருவியின் அருகே போவதற்கு முன், மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து கடலை எடுத்து, ஒன்றாகக் கொட்டி, கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, மறுபடியும் கலக்கும் வேலையையே பழக வேண்டியிருக்கிறது.