பாராசாரி: ஒரு குதிரை தந்த பட்டயம்

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வருபவர்கள் மலையைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையைப் பார்ப்பவர்கள் குறைவு. மாட்டுச் சந்தையான அதன் ஓரத்தில் குதிரைகளும் விற்பனைக்கு நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன், காதுமுனைகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மார்வாரிக் குதிரையொன்றை வியாபாரி ஒருவர் அங்கே நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார். அதை ஓட்டம் என்பதா, நடை என்பதா என்று சொல்லத் தெரியவில்லை. மேலே அமர்ந்திருந்தவரின் தோள் சற்றும் குலுங்காமல், நீரில் படகு போவதுபோல் போயிற்று. வடக்கே அந்த நடைக்கு ரேவால் என்று பெயர். விலை கேட்டு வந்தவரிடம் வியாபாரி வயதையோ வம்சத்தையோ சொல்லவில்லை. "தேசிங்கு ராஜா குதிரை மாதிரிங்க இது" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குதிரையை நடையால் மதிப்பிடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மயூரகதி, வானரகதி என்றெல்லாம் குதிரை நடையை ஐந்தாக வகுத்துப் பெயரிட்ட மொழி தமிழ். ஆனால் அந்த நடைகளுக்குரிய தனிக் குதிரையொன்றின் பெயரைச் சொல்லென்றால் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது தேசிங்கின் பாராசாரிதான். கோயில் வாசல்களில் விற்ற 'பெரிய எழுத்து' கதைப் புத்தகங்களும், தெருக்கூத்தும், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த திரைப்படமும் தேசிங்கின் கதையை ஊரூராகக் கொண்டு சேர்த்தன. கதை நடந்த செஞ்சி இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது.

வரலாற்றில் தேசிங்கு மிகச் சிறிய ஆள். எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயர் கைக்கு வந்த செஞ்சியை, ஔரங்கசீப் 1700இல் சொரூப் சிங் என்ற புந்தேலா ராசபுத்திரருக்கு 2,500 மன்சப் தகுதியுடன் அளித்தார். 1714இல் சொரூப் சிங் முதுமையால் இறந்தார். புந்தேல்கண்டிலிருந்து வந்த மகன் தேஜ் சிங் கோட்டைப் பொறுப்பை ஏற்றான். இந்தத் தேஜ் சிங்கைத்தான் தமிழ் நாக்கு தேசிங்கு ஆக்கியது. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் இந்த வாரிசுரிமையை ஏற்கவில்லை. வரிப்பாக்கி ஒரு காரணம். அதைவிடக் கூர்மையான காரணம் காகிதம் பற்றியது. தேஜ் சிங் காட்டியது தந்தைக்கு ஔரங்கசீப் தந்த ஃபர்மான். ஔரங்கசீப்போ 1707இலேயே மறைந்துவிட்டார். அரியணையில் இருந்தவர் ஃபரூக்சியார். புதிய பேரரசரிடம் புதுப்பிக்காத ஆணை செல்லாது என்றது ஆர்க்காடு. 1714 அக்டோபர் 3ஆம் நாள் நடந்த போரில் தேஜ் சிங் மாண்டான். வயது இருபதுகளின் தொடக்கம். ஆட்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை. அவன் வெட்டிய ஏரியோ கட்டிய கோபுரமோ இல்லை. அவன் தமிழ் பேசியிருப்பானா என்பதே ஐயம்.

இப்படிப்பட்டவனை ஒரு மொழி முந்நூறு ஆண்டுகள் ஏன் சுமக்கிறது? இளமை, வீரம், உடன்கட்டை ஏறிய மனைவி என்று வழக்கமான விடைகளைச் சொல்லலாம். அவை போதுமென்று எனக்குத் தோன்றவில்லை. கதைப்பாடலைத் திறந்தால் முதலில் நிற்பது குதிரை.

டில்லி பாதுஷாவிடம் ஒரு குதிரை வந்து சேர்கிறது. யாரையும் ஏற்றிக்கொள்ளாத குதிரை. அடங்கிய மன்னர்களை எல்லாம் வரவழைத்து ஏறச் சொல்கிறார் பாதுஷா. தோற்றவர்களுக்குச் சிறை. தேசிங்கின் தந்தையும் (கதையில் அவர் தேரணி மகாராசன்) தோற்றுச் சிறைப்படுகிறார். மகன் டில்லிக்குப் போகிறான், ஏறுகிறான், அடக்குகிறான். தந்தை விடுதலையாகிறார். குதிரை பரிசாகிறது. பெண்ணும் கிடைக்கிறாள், செஞ்சிச் சீமையும் உறுதியாகிறது.

இதில் ஒரு சொல்கூட வரலாறு அன்று. அடங்காக் குதிரையை அடக்கும் சிறுவன் உலகப் பொதுவான கதைக்கூறு. மாசிடோனியாவில் அலெக்சாந்தரும் புசெபலசும் இதையே செய்தார்கள். ஆயினும் இக்கதைக்கூறு செஞ்சிக் கதையில் வந்து அமர்ந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 1714இன் வழக்கு என்ன? டில்லியின் ஒப்புதல் இந்த இளைஞனிடம் உண்டா என்பது. நவாபின் கச்சேரியில் அந்தக் கேள்விக்கு அவனிடம் விடையில்லை. கதை விடை தருகிறது: பாதுஷா தம் கண்ணெதிரே சோதித்துத் தம் கையாலேயே கொடுத்தார். செல்லாத காகிதத்தின் இடத்தில் உயிருள்ள ஒரு குதிரையைப் பாடகர்கள் நிறுத்திவிட்டார்கள். ஃபர்மானைக் கிராமத்தான் படிக்க முடியாது. குதிரைமீது ஒருவன் அமர்ந்திருப்பதை எவரும் பார்க்கலாம். பாராசாரி தேசிங்கின் வாகனம் என்பதைவிட அவனுடைய பட்டயம் என்பதே பொருந்தும்.

பெயரையும் சொல்ல வேண்டும். பாராசாரி என்பது 'பாரா ஹசாரி', அதாவது பன்னிரண்டாயிரம் என்பதன் திரிபு என்று ஒரு விளக்கம் உண்டு. மொகலாய மன்சப் தகுதிகள் இப்படி ஆயிரக் கணக்கில்தான் அளக்கப்பட்டன. ஒருவர் எத்தனை குதிரை வீரரைப் பராமரிக்க வேண்டும் என்பதும் அந்தக் கணக்கைச் சார்ந்ததே. அவ்விளக்கம் சரியென்றால், 2,500 தகுதியுள்ள தந்தையின் மகன் பன்னிரண்டாயிரம் தகுதியுள்ள குதிரையின்மேல் ஏறியிருக்கிறான்! பாடகர்கள் இதை அறிந்து செய்தார்களா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. இருந்தாலும் நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

இதற்கு நேரெதிரான ஒரு குதிரை திருவண்ணாமலையின் வரலாற்றிலேயே உண்டு. இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர், 1342இல் மதுரை சுல்தானின் படை எதிர்பாராமல் பாய்ந்தபோது குதிரையேற முயன்று முடியாமல் பிடிபட்டார் என்கிறார் இபன் பதூதா. வயது எண்பது. குதிரைகளையும் யானைகளையும் பொன்னையும் பிடுங்கிக்கொண்டபின் அவரைக் கொன்றார்கள். மகனில்லாத அந்த மன்னருக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது இவ்வூர் மரபு. மாசியில் இன்றும் இறைவன் போய்த் திதி கொடுத்து வருகிறார். உரிமை அறுந்த இடத்தில் ஒருவருக்குத் தெய்வம் வாரிசானது. இன்னொருவனுக்குக் குதிரை சாட்சியானது.

பாராசாரியின் கடைசி நாளுக்கு வருவோம். தேசிங்கின் நண்பன் மகபத் கான் தன் திருமணத்தை விட்டுப் போர்க்களத்துக்கு வருகிறான். அவன் குதிரை நீலவேணி. களத்தில் அவன் வீழ்கிறான். தேசிங்கின் குதிரை எதிர்ப்படைத் தலைவனின் யானைமீதே முன்னங்கால்களைத் தூக்கி வைத்தது என்பார்கள். அப்போது கீழிருந்த ஒருவன் அதன் கால்களை வெட்டினான். நடையால் பெயர்பெற்ற குதிரையைக் கதை சரியாகக் காலில்தான் சாய்க்கிறது. அதன்பின் தேசிங்கு தரையில் நின்றே போரிட வேண்டியிருந்தது. தன் வாளைத் தானே வானில் எறிந்து மார்பில் ஏந்திக்கொண்டான் என்று பாடல் முடிக்கிறது. இறக்கும்வரை பிறன் கையால் தோற்காதவனாக அவனை வைத்திருக்கப் பாடகர்கள் கண்ட வழி இது. குதிரை விழுந்தபின் அவனுக்கு வேறு முடிவை அவர்களால் எண்ண முடியவில்லை போலும்.

அலெக்சாந்தர் இறந்த குதிரைக்கு ஜீலம் நதிக்கரையில் ஒரு நகரையே எழுப்பினார். இங்கே நகரம் உடன்கட்டை ஏறிய அரசிக்குப் போயிற்று. நவாபு அவள் நினைவாக அமைத்ததே இராணிப்பேட்டை என்பது மரபு. தேசிங்கை எரித்த இடமென்று செஞ்சியில் செட்டிக்குளக் கரையைக் காட்டுகிறார்கள். மகபத் கானும் குதிரையும் அடங்கிய இடங்கள் என்று நீலாம்பூண்டிப் பக்கம் காட்டுகிறார்கள். அங்கே இருப்பது எந்தக் குதிரை என்று கேட்டால் ஒருவர் நீலவேணி என்பார், இன்னொருவர் பாராசாரி என்பார், மூன்றாமவர் இரண்டும் ஒன்றுதானே என்பார்.

அன்று சந்தையில் அந்த மார்வாரி விலைபோகவில்லை. மாலையில் நான் திரும்பி வந்தபோது, பெருங்கூட்டத்தின் நடுவே சிறுவன் ஒருவனை ஏற்றிக்கொண்டு அதே நடையில் போய்க்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்குப் பத்து ரூபாய் வாங்கினார்கள்.