யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்மஸ் இரவு



கிறிஸ்மஸ் நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு பேச்சு தானாக எழும். வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு லீவு கிடைத்ததா, டிக்கெட் கிடைத்ததா என்று கேட்டுக்கொள்வோம். ஆனால் மறைப்பணிக்காகக் கடல் கடந்து போன குருக்களும் அருட்சகோதரிகளும் பெரும்பாலும் வருவதில்லை. அவர்கள் தாய்மொழிப் பாட்டு இல்லாமல், வீட்டுப் பலகாரம் இல்லாமல், வேற்று மக்கள் நடுவில் விழாக் கொண்டாடுகிறார்கள். அப்படிப்பட்ட நாளில் எதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது? இந்தக் கேள்வியோடு முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கிறிஸ்மஸ் இரவை இன்று நாம் நினைத்துப் பார்ப்போம்.

இலங்கையின் திருத்தூதர் என்று நாம் போற்றும் புனித யோசேப்பு வாஸ், 1651-ஆம் ஆண்டு கோவாவிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரில் பிறந்தவர். குருவாகி, பின்பு கோவாவின் ஓரட்டோரியன் குருக்கள் குழுவில் சேர்ந்தார். இலங்கையில் கத்தோலிக்கர்கள் மேய்ப்பன் இல்லாத ஆடுகளாக இருக்கிறார்கள் என்ற செய்தி அவரை உறங்கவிடவில்லை. காரணம் இதுதான். 1658-இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டமும் போட்டார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் திருமணம் செய்வதும் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக் கோவிலில்தான் நடக்க வேண்டும். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்த மக்கள் திருப்பலி இல்லாமலே விசுவாசத்தைக் காத்துவந்தார்கள். தாய் பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது.

வாஸ் அடிகளார் குருவின் அங்கியைக் கழற்றிவிட்டு, கூலிக்காரரைப் போல உடுத்திக்கொண்டு, யோவான் என்னும் துணைவரோடு தூத்துக்குடிக்கு வந்தார். 1687-இல் அங்கிருந்து கப்பலேறி, புயலில் அலைக்கழிந்து, கடைசியில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். சேர்ந்தபோது கடுமையான வயிற்றுப்போக்கு. மொழி புதிது, ஊர் புதிது, கையில் காசு இல்லை. அந்நேரம் இரக்கமுள்ள ஒரு பெண் தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவரைப் பிழைக்க வைத்ததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவர் குரு என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நோயாளி ஒருவர் பசித்திருக்கிறார் என்பது மட்டுமே தெரியும்.

உடல் தேறியதும் கழுத்தில் பெரிய செபமாலை ஒன்றை மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்கத் தொடங்கினார். செபமாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது, யார் கண் அதிலேயே நிற்கிறது என்று கவனித்தார். இப்படித்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களைக் கண்டுபிடித்தார். பின்பு கத்தோலிக்கர் நிறைந்த சில்லாலை என்னும் ஊர் அவருக்கு வீடானது. இரவில் திருப்பலி, பகலில் ஒளிவு என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போயின. அவரைக் காட்டிக்கொடுக்காமல் காத்தது அந்த ஊர் மக்களின் வாய்க்கட்டு.

1689, கிறிஸ்மஸ் இரவு வந்தது. திருப்பலிக்காக மக்கள் கூடியிருந்த இடத்தில், ஒல்லாந்த ஆணையர் வான் ரீட் அனுப்பிய வீரர்கள் புகுந்தார்கள். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டார்கள். வாஸ் அடிகளார் மட்டும் தப்பினார். பிடிபட்டவர்களுள் எட்டுப் பேர் கடுமையாக அடிக்கப்பட்டார்கள். ஒல்லாந்தரின் சபையை விட்டுக் கத்தோலிக்கராகியிருந்த தொன் பேதுரு என்பவர் அந்த அடியிலேயே இறந்தார். மற்ற எழுவரும் சங்கிலியிடப்பட்டுக் கடும் உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள்.

அன்பார்ந்தவர்களே, இங்கே சற்று நிற்போம். ஆபத்திலிருந்து தப்பினால் கடவுளுக்கு நன்றி சொல்வது நம் வழக்கம். விபத்தில் நமக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால் நன்றித் திருப்பலிக்குப் பணம் கட்டுகிறோம். ஆனால் நாம் தப்பிய இடத்தில் நமக்குச் சோறு போட்டவர்கள் அடிபட்டிருந்தால்? "நான் பிழைத்தேன், உமக்கு நன்றி" என்று வாய் வருமா? அடுத்த நாள் காலையில் வாஸ் அடிகளார் செபித்தபோது அவர் உள்ளத்தில் இருந்ததை நாம் அறிய முடியாது. அவர் செய்தது மட்டும் நமக்குத் தெரியும். அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருப்பது மக்களுக்கே ஆபத்து என்றானதும் 1690-இல் புத்தளத்துக்குப் போனார். 1692-இல் கண்டிக்குப் போனார். அங்கே போர்த்துக்கீசிய உளவாளி என்ற குற்றச்சாட்டில் சிறை. சிறையிலும் சிங்களம் கற்றார். காவலில் இருந்தபடியே சிறு குடிசைக் கோவில் அமைத்தார். காலப்போக்கில் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் அவருக்கு விடுதலையும் ஆதரவும் கொடுத்தார். கிறிஸ்தவ அரசு விரட்டிய குருவுக்குப் பௌத்த அரசர் நிழல் தந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவி, வசதியுள்ளோர் நகரைவிட்டு ஓடியபோது, வாஸ் அடிகளார் தங்கினார். கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். மதம் எது என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தமக்குக் கிடைத்த கஞ்சியைக் கண்டியில் அவர் திருப்பிக் கொடுத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1711 சனவரி 16 அன்று, 59-ஆம் வயதில், அதே கண்டியில் இறந்தார். 2015 சனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நற்கருணையைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லுக்கு 'நன்றி செலுத்துதல்' என்றே பொருள். 1689-இன் அந்த இரவில் மக்கள் கூடியது நன்றி செலுத்தத்தான். வீரர்கள் கூட்டத்தைக் கலைத்தார்கள். நன்றியைக் கலைக்க அவர்களால் முடியவில்லை. அடுத்த 21 ஆண்டுகள் அந்தக் குரு தம் வாழ்க்கையாலேயே அந்த நன்றியைச் செலுத்தினார். தூர நாட்டில் ஒரு மறைப்பணியாளர் கண்டடையும் நன்றி இதுவே. 'நான் இவர்களுக்கு என்ன கொண்டுவந்தேன்' என்ற கணக்கு மெல்ல மறைகிறது. 'இவர்கள் எனக்கு என்ன கொடுத்தார்கள்' என்பது கண்ணில் படுகிறது. இயேசு தம் சீடரைப் பணப்பை இல்லாமல் அனுப்பி, வைப்பதை உண்ணச் சொன்னதன் காரணமும் இங்கே புரிகிறது. வாங்கி உண்ணத் தெரியாதவருக்கு நன்றியும் தெரியாது. இறைமகனே நம்மிடையே விருந்தாளியாகத்தான் வந்தார். சத்திரத்தில் இடமின்றி, பிறர் தொழுவத்தில் கிடந்தார்.

எனவே இந்தக் கிறிஸ்மஸுக்கு இரண்டு காரியம் செய்வோம். நம் பங்கிலிருந்து வெளிநாடு போன மறைப்பணியாளர்களுக்காகச் செபிக்கும்போது, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுக்கிற, பெயர் தெரியாத அந்த ஊர் மக்களுக்காகவும் செபிப்போம். அடுத்து, நம் தெருவிலேயே ஊரைவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வடநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பண்டிகை நாளில் பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். அவர்கள் யார், எந்தச் சமயம் என்று அந்த யாழ்ப்பாணப் பெண் கேட்டிருக்க மாட்டாள். நாமும் கேட்காமல் ஒரு தட்டில் உணவு எடுத்துப்போவோம்.

புனித யோசேப்பு வாஸின் திருநாள் சனவரி 16. அதற்குள் அந்தத் தட்டு ஒரு வீட்டிலிருந்தாவது போயிருக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் நம்மையும், தூர தேசங்களில் விழாக் கொண்டாடும் நம் மறைப்பணியாளர்களையும், அவர்களை ஏற்றுக்கொண்ட மக்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.