இயற்கையும் அரைப்பேரும்

தாய்ப்பால் இயற்கையின் கொடை என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்கு ஓடும் தாயிடம் இதை உபதேசிக்குமுன் நாம் சற்றுச் சிந்தித்தல் வேண்டும்.

1939இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் பேசினார். இனிப்பூட்டிய டின்பாலைச் சிசுக்களுக்கு உகந்ததென விற்பது கொலைக்கு ஒப்பாகும் என்று ரோட்டரி சங்கத்தார் முன்னிலையிலேயே துணிந்துரைத்தார். அதே ஆண்டில்தான் இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு அச்சட்டம் இன்று வேலைநாளில் இரண்டு இடைவேளைகள் தருகிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது அரைமணி.

அரைமணி! மலையுச்சியில் கொழுந்து பறிப்பவள் அதற்குள் இறங்கி, பாலூட்டி, மீண்டும் ஏற வேண்டும். நிறை குறைந்தால் கணக்கில் விழுவது அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இடைவெளி நீண்டால் வற்றும். இதுவும் இயற்கையே. ஆனால் பழி தாய்க்கு! பிறகு மாவும் போத்தலும் லயத்துக்குள் நுழைகின்றன. நீரைக் கொதிக்கவைக்க விறகு வேண்டும்; விலைக்கு அஞ்சி மாவைக் குறைத்துக் கரைப்பதும் உண்டு.

1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை பால்மா விற்பனைக்கு நெறிமுறை வகுத்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இலங்கையும் 1983இல் தனக்கென ஒரு நெறிமுறையை ஏற்றது. வரவேற்கிறோம். ஆனால் கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. பாலூட்டிய நேரத்துக்குரிய நிறையைக் கழித்தே பேர் போட வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் ஏன் கேட்கக் கூடாது?