கட்டிப்போட்டா குட்டிபோடும் செடியும் ஒரு 1815 கடிதமும்

ரொம்ப நாளா பதிவுப் பக்கம் வரலை. தீசிஸ் வேலைன்னு சொன்னா நம்பவா போறீங்க :-) இன்னிக்கு எழுத வெச்சது எங்க வீட்டுக்காரம்மா.

நான் குடியிருக்கறது ஷ்வேப்யிதாவுல. யாங்கோன் நகரத்தோட வடமேற்குப் பக்கம், லைங் ஆத்தை ஒட்டின பகுதி. வீட்டுக்காரம்மா நாலு தலைமுறைக்கு முன்னாடி இங்க வந்த தமிழ்க் குடும்பம். பெரியம்மான்னுதான் கூப்பிடுவேன். வேலியோரம் அஞ்சாறு தொட்டி வெச்சிருக்காங்க, எல்லாத்துலயும் ஒரே செடி. நம்மூர் ரணகள்ளி. ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’னு சொல்வோமே, இலையை நூல்ல கட்டித் தொங்கவிட்டா ஓரத்துல குட்டிச்செடி முளைக்கும், அதேதான். பர்மியப் பேரை ‘இலை விழும், செடி முளைக்கும்’னு தமிழ்ல சொல்லலாம். ரெண்டு ஊர்க்காரனும் ஒரே அதிசயத்தைப் பார்த்துத்தான் பேர் வெச்சிருக்கான்.

ஒரு தொட்டியை என் ரூம் ஜன்னல்ல வெச்சுக்கட்டுமான்னு கேட்டேன். “வேணாம் தம்பி, ராத்திரி அது காத்தைக் குடிச்சிடும்”னாங்க. சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது.

2021 ஜூலை. யாங்கோன்ல ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனங்க வரிசையில நின்ன மாசம். பெரியப்பாவுக்கு மூச்சுத் திணறல். சிலிண்டர் கிடைக்கலை. இந்தச் செடி ராத்திரியிலயும் ஆக்சிஜன் விடும்னு யாரோ சொல்ல, எல்லாத் தொட்டியையும் தூக்கிட்டுவந்து கட்டிலைச் சுத்தி வெச்சிருக்காங்க. ரெண்டாம் ராத்திரி அவர் போயிட்டார். துக்கத்துக்கு வந்த இன்னொருத்தர், “ராத்திரி செடி பக்கத்துல படுக்க வைப்பாங்களா? இருந்த ஆக்சிஜனையும் அது இழுத்திருக்கும்”னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னையிலேர்ந்து தொட்டியெல்லாம் வேலியோரம்.

இந்த ரெண்டு பேர் சொன்னதுக்கும் வேர் ஒரே சரித்திரத்துல இருக்கு.

1771ல இங்கிலாந்தோட லீட்ஸ் நகரத்துல ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிஞ்சு அணைஞ்ச மூடின காத்துக்குள்ள ஒரு புதினாத் தண்டை வெச்சார். சில நாள் கழிச்சு அதே காத்துல மெழுகுவர்த்தி திரும்ப எரிஞ்சது. எலி மூச்சுவிட்டுக் கெடுத்த காத்தையும் செடி சரிபண்ணிச்சு. சில சமயம் பண்ணலை, ஏன்னு அவருக்குப் பிடிபடலை. 1779ல யான் இங்கன்ஹௌஸ்ங்கற டச்சு டாக்டர் ஒரே கோடைகாலத்துல ஐந்நூறுக்கும் மேல சோதனை பண்ணி அதை அவிழ்த்தார்: பச்சைப் பாகம் மட்டும்தான் காத்தைச் சுத்தப்படுத்தும், அதுவும் வெளிச்சத்துல மட்டும். இருட்டுல செடியும் நம்மள மாதிரியே காத்தைக் கெடுக்கும். ‘புளியமரத்தடியில ராத்திரி படுக்காதே’ன்னு பாட்டி சொன்னதுக்கு விஞ்ஞானச் சாயம் பூசறவங்க இங்கேயிருந்துதான் எடுத்துக்கறாங்க. எவ்வளவு கெடுக்கும்ங்கற கேள்வியை மட்டும் யாரும் கேக்கறதில்லை.

இப்ப நம்ம ஆள் வரார். பெஞ்சமின் ஹைனே, ஜெர்மன்காரர். மொரேவியன் மிஷனரியா தரங்கம்பாடிக்கு வந்து, அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியல் வேலை பார்த்து, 1819ல சென்னையிலயே இறந்தவர். இவர் எழுதின சின்னக் கடிதம் 1815ல லண்டன் லின்னியன் சங்கத்து இதழ்ல வந்துச்சு. விஷயம் இதே ரணகள்ளி. இலையைக் காலையில மென்னா நல்ல புளிப்பு, மத்தியானம் ருசியே இல்லை, சாயங்காலம் கசப்பு. அவ்வளவுதான் கடிதம். கருவி நாக்கு!

நானும் பண்ணிப் பார்த்தேன். காலை அஞ்சரைக்கு ஒரு துண்டு, சாயங்காலம் ஒரு துண்டு. மனுஷன் சொன்னது அப்படியே சரி. (மென்னு துப்பிட்டேன். ஆடு மாடு நிறைய தின்னா செத்துப்போற செடி, நீங்க விளையாடாதீங்க.)

ராத்திரி ஆக்சிஜன் சேர்ந்து புளிக்குது, பகல்ல அது போயிடுதுன்னு ஹைனே விளக்கம் சொன்னார். புளிப்புக்குக் காரணமே ஆக்சிஜன்னு லவாய்சியே சொல்லிவெச்ச காலம் அது. விளக்கம் தப்பு, கவனிச்சது தங்கம். உண்மையில ராத்திரி இலை வாயைத் திறந்து உள்ள இழுக்கறது கரியமில வாயுவை. அதை மாலிக் அமிலமா சேர்த்துவெக்குது, ஆப்பிள்ல இருக்கற அதே புளிப்பு. பகல்ல தண்ணி ஆவியாகாம இருக்க வாயை மூடிக்கிட்டு, சேமிச்சதை வெச்சுச் சமைக்குது. இதெல்லாம் முழுசா தெளிஞ்சது 20ம் நூற்றாண்டுலதான். கள்ளி, அன்னாசி, நர்சரிகள்ல ‘இரவிலும் ஆக்சிஜன்’னு சொல்லி விக்கற பாம்புக் கற்றாழை எல்லாம் இந்த ஜாதி. ராத்திரி கரியமில வாயுவை எடுக்கும்ங்கறது நிஜம். ஆக்சிஜன் விடாது. அது தண்ணியை வெளிச்சம் உடைக்கறப்போ வர்ற பொருள், இருட்டுல வராது.

அப்ப துக்கத்துக்கு வந்தவர் சொன்னது? கணக்குப் போட்டேன். சும்மா படுத்திருக்கற மனுஷனுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜன் வேணும், மணிக்கு 15 லிட்டர். சாதாரணமா ஒரு சதுர மீட்டர் இலை ராத்திரி ஒரு மணிநேரத்துல எடுக்கறது நூறு மில்லி அளவு. பெரியம்மாவோட அத்தனை தொட்டியும் சேர்ந்தாலும் அந்த ஒரு சதுர மீட்டர் தேறாது. பத்துக்குப் பத்து ரூம்ல ஆக்சிஜன் மட்டுமே அஞ்சாயிரம் லிட்டருக்கு மேல. கட்டில் பக்கத்துல உக்காந்து விசிறிவிட்ட பெரியம்மா எடுத்த மூச்சு, அந்தச் செடிங்க எடுத்ததைவிட நூறு மடங்குக்கு மேல. அவருக்கு வேண்டியிருந்தது சிலிண்டர், நிமிஷத்துக்குச் சில லிட்டர். செடி கொடுக்கவும் இல்லை, பிடுங்கவும் இல்லை.

இதை நேத்து சாயங்காலம் சொன்னேன், அந்த நூறு மடங்கு விஷயத்தை மட்டும் விட்டுட்டு. அதை எப்படிங்க சொல்றது? ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், “நெசமாவா? படிச்சுப் பார்த்தா சொல்ற?”ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஆமாம் பெரியம்மான்னேன்.

தொட்டி இன்னும் வேலியோரம்தான் இருக்கு. காலையில நான் இலையை மென்னு முகத்தைச் சுளிச்சதைப் பார்த்துட்டு, எனக்கும் ஒண்ணு கிள்ளுன்னாங்க.

டிஸ்கி: ஹைனே தரங்கம்பாடியில இருந்த காலத்தைப் பத்தி யாருக்காவது விவரம் தெரிஞ்சா பின்னூட்டம் போடுங்க மக்களே.