வலிக்காத தொற்றுக்கு எதற்கு மாத்திரை?

மாசமா இருக்கிற பெண் ஆஸ்பத்திரிக்குப் போன முதல் தடவையே கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து யூரின் பிடிச்சிட்டு வரச் சொல்வார்கள். சர்க்கரை, புரதம் பார்ப்பதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். பல இடங்களில் அதைக் கல்ச்சருக்கும் அனுப்புவார்கள். நீர்க்கடுப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, முதுகுவலி இல்லை. ஆனாலும் ரெண்டு மூணு நாள் கழித்து "கிருமி இருக்கு, மாத்திரை சாப்பிடுங்க" என்று சீட்டு வரும். "ஒண்ணுமே பண்ணலையே, வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு எதுக்கு ஆன்டிபயாடிக்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் 1950களின் பாஸ்டன் நகரிலிருந்து தொடங்குகிறது.

அப்போது மருத்துவர்களுக்கு இருந்த சிக்கல் ரொம்ப அடிப்படையானது. சிறுநீரில் பாக்டீரியா தெரிந்தால் அது உள்ளே பையிலிருந்து வந்ததா, வெளியே தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததா? சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக பெண்களுக்குக் குழாய் விட்டுத்தான் மாதிரி எடுப்பார்கள். அந்தக் குழாயே கிருமியை உள்ளே கொண்டுபோய் விடும் என்பதுதான் கொடுமை. 1958ல் பால் பீசன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் குழாய்க்கு எதிராகவே ஒரு தலையங்கம் எழுதினார்.

பாஸ்டன் சிட்டி ஹாஸ்பிடலில் வேலை பார்த்த எட்வர்ட் காஸ் இதற்கு ஒரு வழி கண்டார். எண்ணிப் பார்ப்பது. சிறுநீர்ப்பைக்குள் கிருமி இருந்தால் அது சும்மா இருக்காது. மணிக்கணக்கில் தேங்கியிருக்கும் சிறுநீர் அதற்கு நல்ல தீனி, பெருகிக்கொண்டே போகும். வெளியிலிருந்து ஒட்டியது என்றால் எண்ணிக்கை குறைவாக இருக்கும். ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் அது உண்மையான தொற்று என்று 1956ல் அவர் கோடு போட்டார். இன்றைக்கும் லேப் ரிப்போர்ட்டில் பார்க்கிற அந்த 'ஒரு லட்சம்' அங்கிருந்து வந்ததுதான். (எரிச்சலோடு வருகிற பெண்ணுக்கு இதைவிடக் குறைவான எண்ணிக்கையும் தொற்றாக இருக்கலாம் என்று பின்னால் தெரிந்தது. காஸின் கோட்டை எல்லோருக்கும் ஒரே மாதிரி போடக்கூடாது.)

குழாய் தேவையில்லை என்றானதும் நல்லா இருக்கிற பெண்களையும் சோதித்துப் பார்க்க முடிந்தது. காஸ் கர்ப்பிணிகளைச் சோதித்தார். நூற்றுக்கு ஆறேழு பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார். போலி மாத்திரைக் குழுவில்தான் கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்தது. அந்தக் காலத்து ஆய்வுகளில், மருந்து கிடைக்காதவர்களில் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு இப்படி ஆனது. குளிர்காய்ச்சல், விலாவில் வலி, ரத்தத்தில் கிருமி, சில நேரம் குறைப்பிரசவம் என்று நீளும் நோய் அது.

கர்ப்பத்தில் மட்டும் ஏன் இப்படி? புரோஜெஸ்டிரான் ஹார்மோன் சிறுநீர்க்குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளர்கிற கருப்பை வேறு அவற்றை அழுத்துகிறது, அதிலும் வலதுபக்கம் கூடுதலாக. ஓடவேண்டிய தண்ணி தேங்குகிறது. இதனால்தான் அறிகுறி இல்லாத கிருமிக்கு மருந்து வேண்டாம் என்ற பொது விதிக்குக் கர்ப்பம் விலக்கு. வயசானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதே ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை எழுதுவது பெரும்பாலும் வீண் வேலை.

சரி, எந்த மாத்திரை? எனக்கு இந்த வரலாற்றில் சுவாரசியமான இடம் இதுதான்.

காஸ் தன் முடிவுகளை 1960ல் வெளியிட்டபோது மருந்து அலமாரி நிறைந்திருந்தது. சல்ஃபா இருந்தது, 1936ல் லண்டன் குயின் சார்லட்ஸ் மருத்துவமனையில் லெனார்ட் கோல்புரூக் பிரசவக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பல தாய்மாரைக் காப்பாற்றிய வகை மருந்து. டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் இருந்தன. 1953ல் வந்த நைட்ரோஃப்யூரன்டாயின் இருந்தது. ஆனால் அதே வருஷங்களில் இந்த அலமாரி வேறொரு பக்கமாகக் காலியாகிக்கொண்டும் இருந்தது. 1956ல் சில்வர்மன் குழு, குறைமாதக் குழந்தைகளுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுத்த சல்ஃபா மருந்து மூளையைப் பாதிக்கும் கடும் மஞ்சள்காமாலையைக் கூட்டுகிறது என்று காட்டியது. 1959ல் குளோராம்ஃபெனிகால் கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்த செய்தி வந்தது. 1963ல், சிறுநீரகத் தொற்றுக்காக நரம்பு வழியாக அதிக அளவில் டெட்ராசைக்ளின் ஏற்றப்பட்ட கர்ப்பிணிகள் கல்லீரல் கெட்டு இறந்ததை ஓர் அமெரிக்க அறிக்கை பதிவு செய்தது. குழந்தைகளின் பல்லைக் கறையாக்கும் என்பதும் அந்த மருந்துக்குச் சேர்ந்துகொண்டது. கர்ப்பிணிக்கு மருந்து தேவை என்று நிரூபிக்கப்பட்ட அதே பத்தாண்டில்தான் அவளுக்குக் கொடுக்கக்கூடாதவை எவை என்பதும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. விலை கொடுத்துத்தான்.

மிச்சமிருந்ததில் 1961ல் வந்த ஆம்பிசிலின் பெரிய ஆறுதல். பென்சிலின் குடும்பம், வயிற்றுப் பிள்ளைக்குப் பாதுகாப்பானது, நீர்த்தொற்றுக்கு முக்கியக் காரணமான ஈ.கோலையையும் கொல்லும். நாலே வருஷம் கழித்து, 1965ல், லண்டனில் நவோமி தத்தாவும் கிரேக்க ஆய்வாளர் ஒருவரும் ஏதென்ஸ் நோயாளி ஒருவரின் ரத்தத்தில் கிடைத்த ஈ.கோலை பற்றி எழுதினார்கள். ஆம்பிசிலினை உடைக்கும் நொதி அதனிடம் இருந்தது. அந்த நோயாளியின் பெயரின் முதல் எழுத்துகளைக் கொண்டு 'டெம்' என்று பெயர் வைத்தார்கள். இந்த நொதிக்கான மரபணு, ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட் என்ற துண்டில் இருந்தது. இப்படி எதிர்ப்புத்திறன் கிருமிகளுக்கிடையே கைமாறும் என்பதை ஜப்பான்காரர்கள் 1959லேயே சீதபேதிக் கிருமியில் பார்த்திருந்தார்கள். சென்னை, லண்டன், ஏதென்ஸ் எங்கே பார்த்தாலும் இன்றைக்கு ஆம்பிசிலினை மட்டும் நம்பி நீர்த்தொற்றுக்குச் சிகிச்சை தொடங்க முடியாது.

அடுத்த தாங்கல் செஃபலோஸ்போரின்கள். அவற்றையும் உடைக்கும் சி.டி.எக்ஸ்-எம்-15 என்ற நொதியை, 1999ல் டெல்லி மருத்துவமனை ஒன்றில் எடுத்த கிருமிகளில் கண்டதாக 2001ல் கட்டுரை வந்தது. பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. கடைசிக் கையிருப்பான கார்பபெனெம்களை உடைக்கும் என்.டி.எம்-1, டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த கிருமியில் கண்டுபிடிக்கப்பட்டது; கட்டுரை 2009ல். மறுவருஷம் அந்த நொதி எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை மாதிரிகளும் அதில் இருந்தன. ஊர்ப் பெயர் நொதிக்கு எப்படி வந்தது என்று டெல்லியில் கோபப்பட்ட அளவுக்கு, நீர்த்தொற்று மாதிரிகளிலும் அது கிடைத்ததைப் பற்றி யாரும் பேசிய மாதிரி தெரியவில்லை. 2012ல் மருத்துவர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். 2014 முதல் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் உட்படப் பல மருந்துகள் 'எச்1' பட்டியலில் வந்தன. கடைக்காரர் சீட்டு விவரத்தைப் பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும். தெருமுனைக் கடையில் அது எந்த அளவு நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இதற்கு நடுவே காஸின் கணக்கையும் மறுபடி சோதித்தார்கள். 2015ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஆபத்துக் காரணிகள் குறைந்த கர்ப்பிணிகளில் கிருமி இருந்தும் மருந்து எடுக்காதவர்களில் 2.4 சதவீதம் பேருக்குத்தான் சிறுநீரகத் தொற்று வந்தது. காஸ் காலத்து எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்காக இங்கே டெஸ்ட்டை விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். அது நல்ல கவனிப்பில் இருந்த பெண்களின் எண். ஆனால் கிருமி இருந்தாலே கட்டாயம் மருந்து என்ற உறுதி கொஞ்சம் ஆட்டம் கண்டிருப்பது உண்மை.

இன்றைக்கு ஒரு கர்ப்பிணியின் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தால் மருத்துவர் மனசுக்குள் இரண்டு பட்டியல்களை ஒட்டிப் பார்க்கிறார்: இந்தக் கிருமியிடம் எது வேலை செய்யும், இந்த மாதத்தில் எதைக் கொடுக்கலாம். இரண்டிலும் தேறுவது சில நேரம் ஊசி மருந்து மட்டும்தான். அப்போது வலியே இல்லாத பெண் ஊசி போட்டுக்கொள்ளத் தினமும் ஆஸ்பத்திரிக்கு அலையவேண்டும், இல்லையென்றால் அட்மிட் ஆகவேண்டும். வாய்வழி மருந்துகளில் இன்னும் அதிகம் கைகொடுப்பது ஒரே வேளை கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசினும், 1953ல் வந்த அதே நைட்ரோஃப்யூரன்டாயினும். இரண்டாவதையும் பிரசவம் நெருங்கும்போது நிறுத்திவிடுவார்கள், பிறக்கப்போகும் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கலாம் என்பதால்.